சாமியா, சூடா: தண்ணீர்மலைப் பந்தலில் போன 22 நிமிடம்

காவடி எடுத்தவர் கண் நிலைகுத்தித் தள்ளாடினால் சுற்றி நிற்பவர்கள் கைகூப்புவார்கள். பெரும்பாலும் அதில் தவறில்லை. ஆனால் அதே தள்ளாட்டம் சில நேரம் உடல் சூடு 40 டிகிரியைத் தாண்டி மூளையைத் தொட்டுவிட்டதற்கான முதல் அடையாளம். இரண்டையும் பிரித்தறியத் தெரியாததால் பந்தலில் நிமிடங்கள் எப்படிக் கரைகின்றன என்பதுதான் இந்த ஆய்வு.

இது ஒரு தனி மனிதரின் மருத்துவக் குறிப்பு அல்ல. மலேசியாவின் பினாங்கில், தைப்பூசத்தன்று தண்ணீர்மலை முருகன் கோவிலுக்குப் போகும் வழியில் நிற்கும் தண்ணீர்ப் பந்தல் தொண்டர்களின் பயிற்சிக்காகக் கோத்த மாதிரி நிகழ்வு. ஆளும் நேரமும் அளவீடுகளும் கற்பனை. உடலியலும் கணக்கும் அப்படியல்ல.

வானிலை அறிவிப்பு ஏன் காப்பாற்றவில்லை

தைப்பூசம் 2024-இல் ஜனவரி 25, 2025-இல் பிப்ரவரி 11, 2026-இல் பிப்ரவரி 1. தேதி எப்படி நகர்ந்தாலும் பினாங்குக்கு அது மழை குறைந்த, வெயில் நேராக இறங்கும் பருவம். மலேசிய வானிலை ஆய்வுத் துறையான மெட்மலேசியாவின் மஞ்சள் எச்சரிக்கை வருவதற்கு 35 முதல் 37 டிகிரி வரையிலான உச்ச வெப்பம் தொடர்ந்து 3 நாள் பதிவாக வேண்டும். 37-ஐத் தாண்டி 3 நாள் நீடித்தால்தான் அடுத்த நிலை. 1998 ஏப்ரல் 9 அன்று பெர்லிஸ் சுப்பிங்கில் பதிவான 40.1 டிகிரிதான் நாட்டின் உச்சம். இந்த எண்களையே மனத்தில் வைத்திருப்பவர் 33 டிகிரி நாளைச் சாதாரண நாளாகத்தான் நினைப்பார்.

அந்த 33 நிழலில், காற்றோட்டமான பெட்டிக்குள் அளந்த எண். அந்தப் பெட்டி இருக்கும் பாயான் லெப்பாஸ் விமான நிலையப் பக்கம் கடற்காற்று உண்டு. காவடிகள் போகும் ஜாலான் உத்தாமாவில் இருப்பது கொதிக்கும் தார், தோளோடு தோள் உரசும் கூட்டம், பந்தலுக்குப் பந்தல் உறுமும் ஜெனரேட்டர். கூட்டத்தின் நடுவில் காற்று அசைவதில்லை, ஈரப்பதமும் கூடுதல். வியர்வை ஆவியாகாமல் சொட்டி வழியும். சொட்டும் வியர்வை உடலைக் குளிர்விக்காது, உடலில் உள்ள நீரை மட்டும் குறைக்கும். எச்சரிக்கை எதுவும் இல்லாத நாளில்தான் இந்த நிகழ்வை வைத்திருக்கிறோம், அதுவும் வேண்டுமென்றேதான்.

ஆள்

34 வயது, 82 கிலோ. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் ஏர்கோன் அறைக்குள் இரவு வேலை செய்யும் டெக்னீஷியன். 48 நாள் விரதத்தில் எந்தக் குறையும் இல்லை. ஆனால் அந்த 48 நாளில் வெயிலில் உடம்பு வியர்த்தது ஒருநாள்கூட இல்லை. வெப்பத்துக்கு உடல் பழகுவதற்கு 10 முதல் 14 நாள், தினமும் ஒரு மணி நேரமாவது சூட்டில் அசைந்து வியர்க்க வேண்டும். விரதம் மனத்தைப் பழக்கும், வியர்வைச் சுரப்பியைப் பழக்காது. இரண்டு நாளாகச் சளி மாத்திரை போட்டிருந்தார். சளிக்கும் அரிப்புக்கும் கொடுக்கும் பழைய வகை மாத்திரைகளில் சில வியர்வையைக் குறைக்கும். முந்தின மாலையிலிருந்து ஒரு டம்ளர் பாலும் ஒரு வாழைப்பழமும்தான் ஆகாரம். தூக்கமே இல்லை.

காவடிச் சட்டம் 25 கிலோ. கன்னத்தில் ஓர் அலகு, நாக்கில் ஒரு சிறு வேல். காலை 6 மணிக்குப் புறப்படத் திட்டம். அலகு குத்தும் இடத்தில் வரிசை நீண்டதால் கிளம்பியபோது 10:15. இந்த நாலு மணி நேரத் தாமதம்தான் மற்ற எல்லாவற்றையும் விடப் பெரிய காரணம். விடியலில் 26 டிகிரியில் முடிய வேண்டிய நடை உச்சி வெயிலுக்குத் தள்ளப்பட்டது.

நடந்தது

12:20. ஜாலான் உத்தாமாவில் ஒரு பந்தல் முன்னால் உறுமி மேளம். கூட்டம் சுற்றி நின்று உசுப்ப, 15 நிமிடம் ஆடினார். உடல் முழுக்க வியர்வை.

12:50. ஜாலான் கெபுன் பூங்காவுக்குத் திரும்பியதும் கால் ஒருபக்கமாக இழுத்தது. மேளம் நின்ற பிறகும் ஆட்டம் நிற்கவில்லை. கூட வந்த அண்ணன் அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டும் திரும்பிப் பார்க்கவில்லை. கையைப் பிடிக்கப் போனவரிடம் பின்னாலிருந்து ஒருவர், “அண்ணே, சாமி வந்திருக்கு, தொடாதீங்க” என்றார். மஞ்சள் தண்ணீர் தெளித்தார்கள், விபூதி பூசினார்கள்.

13:02. முழங்காலில் விழுந்தார்.

13:05. சட்டம் இறங்கியது. நான்கு பேர் விசிறினார்கள். ஒருவர் வாயில் தண்ணீர் ஊற்ற, புரையேறியது.

13:09. முதலுதவி தெரிந்த ஒரு மிஸ்ஸி (நர்ஸ்) வந்தார். விரல் நுனியில் சர்க்கரை லிட்டருக்கு 5.8 மில்லிமோல். நெற்றியில் காட்டிய தெர்மாமீட்டர் 37.4 என்றது. “காய்ச்சலே இல்லையே” என்று ஒரு குரல். மிஸ்ஸி அதை நம்பவில்லை.

13:12. தார்ப்பாயில் கிடத்தி ஐஸ் தண்ணீர் ஊற்றினார்கள்.

13:24. “அழுத்து” என்றதும் கையை அழுத்தினார், “விடு” என்றதும் விட்டார். 13:27-க்கு நிறுத்தினார்கள். 13:40-க்கு ஆம்புலன்ஸ்.

முதல் அறிகுறிக்கும் குளிர்விப்புக்கும் இடையே 22 நிமிடம். அதில் 12 நிமிடம் ‘சாமி’ என்ற நினைப்பில் போனது. சட்டம் கழற்ற 3, விசிறியும் வாய்த் தண்ணீரும் 4, சோதனைக்கு 3. சோதனைக்குப் போன மூன்றில் குறை சொல்ல ஒன்றுமில்லை. மற்ற 19-இல் பெரும்பகுதி மிச்சப்படுத்தக் கூடியது.

அந்தப் பன்னிரண்டு நிமிடம்

அருள் வந்தவரிடம் வெளியாள் கேள்வி கேட்பது மரியாதைக் குறைவு என்ற தயக்கம் நம் மக்களிடம் உண்டு. அந்தத் தயக்கத்தை மதித்தபடியே செய்யக்கூடிய வழி, கேள்வியைக் காவடிக்காரருடன் வரும் குருவோ அண்ணன் தம்பியோ கேட்பது. கிளம்பும் முன்பே ஒருவரை இதற்கென்று நியமித்துவிட வேண்டும். வாய் திறந்திருந்தால் மூன்று கேள்வி: உன் பேர் என்ன, இது எந்த இடம், கூட யார் வந்திருக்கிறார்கள். நாக்கில் அலகு இருந்தால் பேச்சு வேண்டாம். இரண்டு விரலை அவர் உள்ளங்கையில் வைத்து, “அழுத்து, விடு, ரெண்டு தடவை அழுத்து” என்று சொல்ல வேண்டும். ஒவ்வொரு பந்தலிலும் நின்று இதைக் கேட்டால், அவருடைய வழக்கமான பதில் எப்படி இருக்கும் என்பது கூட வருபவருக்குத் தெரிந்துவிடும். மாற்றம் வந்தால் உடனே பிடிபடும்.

மேளத்துக்கு ஏற்ற ஆட்டம், மேளம் அடங்கியதும் தணிவு, குருவின் குரலுக்குக் கட்டுப்படுதல் என்றால் பொதுவாகப் பயமில்லை. தாளத்தோடு சேராத தள்ளாட்டம், பொருந்தாத பதில், திடீர் எரிச்சல் அல்லது அடி, வாந்தி, இழுப்பு, மயக்கம் இவற்றில் ஒன்று வந்தாலும் சூடு என்றே முடிவு கட்டலாம். சந்தேகம் இருந்தாலும் அதே முடிவுதான். அருள் வந்தவர் மேல் ஐஸ் தண்ணீர் பட்டால் அவருக்கு ஒன்றும் ஆகிவிடாது. வெப்பத்தாக்குதல் வந்தவரைக் கும்பிட்டுக்கொண்டு நின்றால் ஈரல், சிறுநீரகம், மூளை என்று ஒவ்வொன்றாகக் கெடும்.

வியர்வை நின்று தோல் வறண்டால்தான் வெப்பத்தாக்குதல் என்று இன்னும் சில இடங்களில் சொல்லிக்கொடுக்கிறார்கள். வீட்டுக்குள் அடைந்து கிடக்கும் முதியவர்களுக்கு அது பொருந்தலாம். உழைத்துச் சூடேறியவர் தொப்பலாக நனைந்த நிலையிலேயே விழுவார். நெற்றித் தெர்மாமீட்டர் 37.4 காட்டியதற்கும் அந்த ஈரம்தான் காரணம். வியர்வை ஆவியாகும் தோலின் சூட்டை அது அளக்கிறது, உள்ளுடலின் சூட்டை அல்ல. அக்குளில் வைத்தாலும் நம்பகமில்லை. ஆசனவாய் வழியாக எடுக்கும் அளவுதான் சரி, அதை மருத்துவக் குழுவிடம் விட்டுவிடலாம். பந்தலில் முடிவெடுக்க வேண்டியது நடத்தையைப் பார்த்து.

சர்க்கரை பார்த்தது நல்ல வேலை. விரதத்தில் இருக்கும் நீரிழிவுக்காரர் சர்க்கரை இறங்கியும் இப்படியேதான் தள்ளாடுவார். 4.0-க்குக் கீழே இருந்து, விழுங்கும் அளவுக்குத் தெளிவும் இருந்தால் 3 தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுக்கலாம். தெளிவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. 13:05-க்கு நடந்தது அந்தத் தவறுதான். நுரையீரலுக்குள் தண்ணீர் போயிருந்தால் கதையே வேறு. நின்றபடியே மயங்கி, படுக்கவைத்துக் காலைத் தூக்கியதும் ஓரிரு நிமிடத்தில் தெளிந்து சரியாகப் பேசுபவருக்கு இந்த ஆர்ப்பாட்டம் எதுவும் தேவையில்லை. நிழல், காற்று, கொஞ்சம் பானம் போதும்.

2.6 கிலோ ஐஸ்

மனித உடலின் ஒவ்வொரு கிலோவையும் ஒரு டிகிரி குளிர்விக்க சுமார் 3.5 கிலோஜூல் வெப்பத்தை எடுக்க வேண்டும். 82 கிலோவுக்கு 287. மூன்று டிகிரி இறக்க 861. ஒரு கிலோ ஐஸ் உருகும்போது 334 கிலோஜூலை இழுத்துக்கொள்கிறது. அதாவது முழுப் பயனும் கிடைத்தால் 2.6 கிலோ ஐஸ் போதும். நடைமுறையில் பெரும்பகுதி வெயிலுக்கும் தார்ப்பாய்க்கும் வீணாகும் என்பதால் பத்து மடங்கு வைத்துக்கொள்கிறோம். சிராப் பேக்கெட்டைக் குளிர வைக்க ஒரு பந்தல் அதைவிடப் பல மடங்கு ஐஸைக் கொட்டி வைத்திருக்கிறது. விழுந்தவருக்கும் அந்த ஐஸுக்கும் இடையே 5 மீட்டர்தான் தூரம், ஆனாலும் நான்கு பேர் அட்டையால் விசிறிக்கொண்டிருந்தார்கள்.

எதிர்ப்பக்கக் கணக்கும் தெரிந்திருக்கட்டும். 25 கிலோவைச் சுமந்து ஆடும் உடல் 600 வாட் அளவுக்கு வெப்பத்தை உண்டாக்கக் கூடும். அது வெளியேற வழியே இல்லையென்றால் 8 நிமிடத்துக்கு ஒரு டிகிரி ஏறும். உசுப்பிவிட்ட அந்த 15 நிமிட ஆட்டத்தைப் பற்றி இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை.

குளிர்விக்கும் முறை

முதலில் குளிர்விப்பு, பிறகு ஏற்றிச் செல்வது. அவசர எண் 999-ஐ உடனே அழைக்க வேண்டும், ஆனால் வண்டி வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்கக் கூடாது. பொது மருத்துவமனை பக்கத்தில்தான், ஆனாலும் தைப்பூசக் கூட்டத்தைப் பிளந்து வண்டி வர நேரம் பிடிக்கும். முதல் 30 நிமிடத்துக்குள் உடல் சூட்டை 39 அளவுக்கு இறக்கியாக வேண்டும்.

சட்டத்தை இரண்டு பேர் இருபக்கமும் தாங்க, ஒருவர் இடுப்புப் பட்டையையும் கொக்கிகளையும் விடுவிப்பார். பட்டை முடிச்சாக இருந்தால் கத்தரிக்கோல். கிளம்பும்போதே கழற்றிப் பழகியவருக்கு ஒரு நிமிடம், பழகாதவருக்கு இங்கே நடந்ததுபோல் மூன்று. மாலை, சலங்கை, தலைப்பாகை எல்லாம் கழற்ற வேண்டும். வேட்டி இருக்கட்டும். அலகைச் செருகியவரே எடுப்பதுதான் முறை. அவர் இல்லையென்றால் யாரும் இழுக்கக் கூடாது. வாய் வழியாக ரத்தமோ எச்சிலோ உள்ளே போகாதபடி தலையை ஒருபக்கம் திருப்பி வைத்தால் போதும்.

8 அடிக்கு 10 அடி தார்ப்பாய். ஆளை நடுவில் கிடத்தி, ஆறு பேர் ஓரங்களைச் சுருட்டி இடுப்பளவுக்குத் தூக்கினால் தொட்டில் மாதிரி ஆகும். தலைப்பக்கம் கொஞ்சம் உயரமாக இருக்க வேண்டும். ஏழாவது ஆளுக்கு ஒரே வேலை: முகவாயைப் பிடித்து முகத்தைத் தண்ணீருக்கு மேல் வைத்திருப்பது. சிராப் பேக்கெட் மிதக்கும் தோங்கிலிருந்து (பெரிய பீப்பாய்) 80 லிட்டர் தண்ணீர், மேலே 25 கிலோ டியூப் ஐஸ். அந்தத் தோங்குத் தண்ணீர் காலையிலிருந்தே குளிர்ந்து கிடப்பதால் குழாய்த் தண்ணீரை விட எவ்வளவோ மேல். பிறகு ஓரங்களை மாறி மாறி ஏற்றி இறக்கித் தண்ணீரை அலம்பிக்கொண்டே இருக்க வேண்டும். அசையாமல் கிடக்கும் தண்ணீரில் தோலை ஒட்டி ஒரு வெதுவெதுப்பான படலம் உருவாகிவிடும்.

இப்படிச் செய்தால் நிமிடத்துக்குச் சுமார் 0.15 டிகிரி இறங்கும். அக்குள், கழுத்து, தொடை இடுக்கில் மட்டும் ஐஸ் பையை வைத்தால் அதில் ஒரு சிறு பங்குதான் கிடைக்கும், ஆனால் எல்லாருக்கும் முதலில் நினைவுக்கு வருவது அதுதான். தார்ப்பாய் இல்லையென்றால் பெரிய துண்டுகள் பத்தை ஐஸ் தண்ணீரில் ஊறப்போட்டு, தலை முதல் கால்வரை போர்த்தி, ஒன்றிரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

ஆரம்பித்த நேரத்தை அவர் கையிலேயே மார்க்கரால் எழுதிவிடலாம். சிலர் முதல் சில நிமிடம் திமிறுவார்கள், திட்டுவார்கள். அதைப் பார்த்து நிறுத்திவிடக் கூடாது. நடுங்கினாலும் புத்தி தெளியாதவரை தொடர வேண்டும். உள்ளுடல் சூட்டை அளக்க வழியில்லாத இடத்தில் 10 முதல் 15 நிமிடம் என்பது நடைமுறைக் கணக்கு. 13:12 முதல் 13:27 வரை, சரியாகச் செய்தார்கள். வாந்தி வந்தால் பக்கவாட்டில் திருப்பணும். மூச்சு நின்றால் எல்லாவற்றையும் விட்டு நெஞ்சழுத்தம். பனடோல் (பாராசிட்டமால்) வேண்டாம். இது கிருமியால் வந்த காய்ச்சல் இல்லை. மாத்திரை எந்தப் பலனும் தராது, ஏற்கெனவே சூட்டில் அடிபட்ட ஈரலுக்குத்தான் சுமை.

ஐஸை ஒளித்து வைப்பது

பிற்பகல் 2 மணிக்கு மேல் ஐஸ் தீர்ந்துபோவது வாடிக்கை. சாலையை மூடிய பிறகு ஐஸ் லாரி உள்ளே வராது. ஆகவே முந்தின இரவே இரண்டு பங்கு இறக்கி, மரப்பலகை மேல் வைத்துக் கோணியால் மூட வேண்டும். தாரில் நேராக வைத்தால் அடியிலிருந்தே கரையும். ஒரு தோங்குக்குச் சிவப்பு அடித்து, ‘ஆளுக்கு மட்டும்’ என்று எழுதி, சாவியைக் கொடுத்த மாதிரி ஒரு அக்காவிடம் ஒப்படைத்துவிடலாம். தொண்டர் பையன்கள் கேட்டால்கூட கொடுக்காத அக்காவாக இருக்க வேண்டும். குடிக்கப் போடும் ஐஸ் தனிப் பெட்டியில், கரண்டியோடு. எல்லாரும் கைவிட்ட தோங்குத் தண்ணீர் உடம்புக்கு ஊற்றலாம், குடிக்கக் கூடாது.

பானத்தில் பந்தல்களுக்குள் போட்டி உண்டு, நிறம் நிறமாகக் கொடுப்பார்கள். மூன்று மணி நேர வியர்வையில் 3, 4 லிட்டர் போகிறது, உப்பும் சேர்ந்து. ரோஸ் சிராப்பில் சர்க்கரை இருக்கிறது, உப்பு இல்லை. வெறும் தண்ணீரையே லிட்டர் லிட்டராகக் குடிப்பவருக்கு ரத்தத்தில் சோடியம் இறங்கி, தலைவலி, வாந்தி, குழப்பம் வரும். அதையும் பார்ப்பவர் சூடு என்றே நினைப்பார். ரோஸ் சிராப்பில் உப்பைப் போட்டால் யாரும் குடிக்க மாட்டார்கள். எலுமிச்சையும் ஆசாம் போயும் (உப்பிட்டு உலர்த்திய புளிப்புப் பழம்) கலந்த பானத்தில் போட்டால் தெரியவே தெரியாது. 20 லிட்டருக்கு 800 கிராம் சர்க்கரை, 50 கிராம் உப்பு, புளிப்புக்கு ஏற்ற எலுமிச்சை. ஆசாம் போய் உப்பேறியது என்பதால் கைப்பிடிக்கு மேல் போட்டால் உப்பில் 10 கிராம் குறைக்கணும். நீர்மோர் இன்னும் நல்லது, ஆனால் ஐஸ் பெட்டிக்கு வெளியே 2 மணி நேரத்துக்கு மேல் வைத்தால் கொட்டிவிட வேண்டியதுதான். நாக்கில் வேல் குத்தப் போகிறவர் குத்துவதற்கு 2 மணி நேரம் முன்பே அரை லிட்டர் குடித்துவிட வேண்டும். பிறகு வழியில் குடிப்பது கஷ்டம்.

பிற்பகல் 3:40: கொடிமலைக்கு (பினாங்கு ஹில்) பின்னால் கறுப்பு

மாதிரி நிகழ்வின் இரண்டாம் பாதி இது. வறண்ட பருவத்திலும் சூடேறிய நிலமும் கடற்காற்றும் மலையும் சேர்ந்து அரை மணி நேரத்தில் இடிமழையைத் திரட்டிவிடும். காலை அறிவிப்பில் ‘மழை இல்லை’ என்று இருந்தது இப்போது உதவாது. பிற்பகல் 2 மணியிலிருந்து ஒருவர் மெட்மலேசியாவின் ரேடார் படத்தை அவ்வப்போது திறந்து பார்ப்பது உதவும்.

வெயிலுக்குச் செய்தது ஒவ்வொன்றும் மழைக்கு எதிராகத் திரும்புவதுதான் சிக்கல். நிழலுக்குக் கட்டிய கெனோப்பி காற்றுக்குப் பாயாகிறது. 6 மீட்டருக்கு 6 மீட்டர் கூரையில் மணிக்கு 60 கிலோமீட்டர் காற்று மோதினால் தூக்கும் விசை 600 கிலோ எடை அளவுக்குப் போகலாம். தாரில் முளை அடிக்க முடியாது, அதனால் செங்கல் வைத்துக் கட்டுகிறார்கள். அது போதவே போதாது. நான்கு காலுக்கும் 200 லிட்டர் நீல டிரம் ஒன்று, தண்ணீர் நிரப்பி, பட்டை வாரால் இறுக்க வேண்டும். மொத்தம் 800 கிலோ. பிற்பகலில் தண்ணீர் தீர்ந்ததும் அந்த டிரம்மிலிருந்தே மொண்டுவிடுவார்கள், அதையும் தடுக்கணும். மேற்குப் பக்கம் தொங்கவிட்ட வெயில் மறைப்பைக் காற்று வருமுன் அவிழ்க்க வேண்டும். கூரை தொய்ந்து 2 மீட்டருக்கு 2 மீட்டர் இடத்தில் 5 சென்டிமீட்டர் தண்ணீர் நின்றால் அதுவே 200 கிலோ.

பாதம் சுடாமல் இருக்கத் தாரில் தண்ணீர் ஊற்றியிருப்பார்கள். அதே ஈரத்தில் ஒலிபெருக்கி வயரும் பிளெண்டர் வயரும் கிடக்கின்றன. வயர்களைத் தரையிலிருந்து தூக்கி, 30 மில்லியாம்பியர் ஈஎல்சிபி (மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி) வழியாக மட்டுமே எடுக்க வேண்டும். மின்னலுக்கும் இடிக்கும் இடையே 30 வினாடி அல்லது அதற்குக் குறைவாக எண்ணினால் ஜெனரேட்டரை நிறுத்தி, கூட்டத்தைக் கட்டடத்துக்குள் அனுப்பணும். கெனோப்பி மின்னலிலிருந்து காப்பாற்றாது. மலைக்கோவிலின் 513 படியில் ஏறிக்கொண்டிருப்பவர்களை மேலே நெருங்கிவிட்டால் மேலே, இல்லையென்றால் கீழே அனுப்பலாம், நடுவில் கம்பிக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நிற்க விடக் கூடாது. கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் காத்திருப்பு.

மழை விட்டு வெயில் திரும்பினால் தார் ஆவி விடும். காற்று ஈரத்தில் நிறைந்திருக்கும்போது வியர்வை உலராது. “மழை பெய்ஞ்சிருச்சி, இனி குளிரு” என்று சொல்லித் தாமதமானவர்கள் வேகமாக நடக்கத் தொடங்குவார்கள். சிவப்புத் தோங்கை அப்போது மறுபடி நிரப்பியிருக்க வேண்டும்.

மறுநாள்

தெளிந்துவிட்டார் என்று வீட்டுக்கு அழைத்துப் போனால் ஆபத்து. தசை சிதைவும் சிறுநீரகப் பாதிப்பும் ஒன்றிரண்டு நாள் கழித்தே முழுதாகத் தெரியும். மருத்துவமனையில் ரத்தத்தில் சோடியம், சிறுநீரகம், ஈரல், தசை நொதி பார்ப்பார்கள். வீடு திரும்பிய பிறகும் சிறுநீர் கோப்பி ஓ (பால் இல்லாத காப்பி) நிறத்தில் போனாலோ, 8 மணி நேரமாகப் போகாமலே இருந்தாலோ, தொடைத் தசை தொட்டாலே வலித்தாலோ அன்றே திரும்பிப் போக வேண்டும். குறைந்தது ஒரு வாரம் கடின வேலையும் விளையாட்டும் கூடாது. பிறகு மருத்துவர் பார்த்துச் சொன்னபடி கொஞ்சம் கொஞ்சமாக. அடுத்த ஆண்டுக்கு வேண்டுதல் பாக்கி இருந்தால், புறப்படும் நேரத்தை விடியற்காலை 5 மணிக்கு மாற்றி, அதற்கு முந்தின இரண்டு வாரம் வேலை முடிந்த மாலையில் ஏர்கோன் இல்லாமல் ஒரு மணி நேரம் நடந்து வியர்க்க வேண்டும். சளி மாத்திரை தேவைப்பட்டால் கிளினிக்கில் காவடி எடுக்கப் போவதைச் சொல்லியே வாங்க வேண்டும்.